திருப்பித் தராதவள்

இருபது பட்டைகள் செய்தோம்.
மணிக்கட்டில் கட்டிப் படுத்தால்
குறித்த நேரத்தில் சத்தமில்லாமல் அதிரும்.
கட்டியவர் மட்டும் விழிப்பார்,
பக்கத்துத் தலையணைக்குத் தெரியாது.

போர்ட்டோவில் மழை மாதம் அது.
ஒரே குடையில் டெல்மாவும் நானும்
ஏறி இறங்காத மாடி இல்லை.
விடிகாலையில் ஓடுகிறவர்கள்,
வக்கீல்கள், ஒரு வங்கி மேலாளர்.
எல்லோரும் அருமை என்றார்கள்.
டெல்மாவின் மாமா
எழுந்து நின்றே கைதட்டினார்.

மூன்றாம் வாரம் பிழை தெரிந்தது,
விளிம்பில் ஈரம் கசிகிறது.
வெட்கத்தோடு எல்லாவற்றையும் திரும்பக் கேட்டோம்.

கேட்டதும் கொடுத்தார்கள்.
அதுதான் வலித்தது.
ஒன்று பெட்டிகூடப் பிரிக்காமல்,
ஒன்று மேசை அறையில் காலாவதியான மாத்திரைகளோடு,
ஒன்று மாமா வீட்டில்
பொம்மைக்கு இடுப்புவாராக.

பத்தொன்பது வந்துவிட்டன.
மேலாளர் தலையைச் சொறிந்தார்:
"ரொட்டிக்கடையில் யாருக்கோ கொடுத்த ஞாபகம்."

கம்பன்யா நிலையத்துக்குப் பின்னால்
சரிவில் இருந்தது கடை.
ஒடீலியா கல்லாவை விட்டு எழவில்லை.
"தர முடியாது" என்றாள்.

"இருபத்தாறு வருஷம்.
இரண்டு மணிக்கு மணி அடிக்கும்,
அவர் மாவு பிசையப் போவார்.
நான் கூரையைப் பார்த்துக் கிடப்பேன்,
ஏழுக்குக் கடை திறக்கும்வரை.
இப்போதுதான் ஒரு மாதமாகத் தூங்குகிறேன்."

பிறகு ஆரம்பித்தாள்.
கொக்கியில் மாவு அடைக்கிறது.
எண்ணெய்க் கையில் வார் வழுக்குகிறது.
எண்கள் எறும்பு மாதிரி இருக்கின்றன,
அபீலியு கண்ணாடி தேடுவதற்குள் பாதி இரவு போகிறது.
யார் செய்தது இதை,
ராத்திரியில் எழுந்தே பழக்கமில்லாதவனா?

நான்தான் என்று சொல்லவில்லை.

பழைய ஏப்ரனைக் கிழித்து
அவளே தைத்திருந்த உறையைக் காட்டினாள்.
மஞ்சள் நூல், கோணல் தையல்.
ஈரம் அதைத் தாண்டியிருக்கவில்லை.

"ரிப்பேர் செய்ய வேண்டுமானால் இங்கேயே செய்யுங்கள்.
இப்போது தூங்குகிறார். ஒன்பதுக்குள் வேண்டும்."

மாவு மூட்டைமேல் உட்கார்ந்து
திருகாணிகளைக் கழற்றினேன்.
மேல்மாடி நர்ஸின் புருஷன்,
முதல் டிராம் ஓட்டும் நாத்தனார்,
மீன் சந்தைக்குப் போகும் இரண்டு வீடுகள்:
அவள் சொல்லச் சொல்ல
ரொட்டிப் பையின் முதுகில் எழுதினாள் டெல்மா.
இடம் போதாமல்
இன்னொரு பை கேட்டாள்.

"அது சரி, என்ன விலை?"
என்றாள் ஒடீலியா.

டெல்மா என்னைப் பார்த்தாள்.
இத்தனை மாடி ஏறியும்
ஒருவர்கூடக் கேட்காத கேள்வி.
எங்களிடம் பதில் இல்லை.