உறைக்கு அளவெடுத்தல்

ஒடுகத்தூர் முனிரத்தினம்
செய்தித்தாளில் சுற்றி அனுப்பியிருக்கிறார்.
குடியாத்தம் வண்டி நடத்துனர் நீட்டினார்:
"என்னக்கா, கருவாடா?"

கருவாடு இல்லை.
போன மாதம்வரை
நெல் மூட்டை சுமந்த லாரிப் பட்டை.
முதுகில் சம்மட்டி விழுந்த தழும்புகளை
வேண்டுமென்றே விட்டிருக்கிறார்.
வயிற்றில் மட்டும் அரம் ஓடி, கல் ஓடி
என் மூக்குத்தி தெரிகிறது.

எருமைக்கொம்புப் பிடி, மூன்று பித்தளை ஆணி.
நடு ஆணி ஒரு நெல்லளவு மேலே ஏறியிருக்கிறது.
பிசகு என்று நினைத்தேன்.
பிடித்ததும் தெரிந்தது,
நடுவிரலுக்கு அடியில் குழி தோண்ட
இடம் விட்டிருக்கிறார்.

பிடியும் அலகும் சேரும் இடத்தில்
ஒற்றை விரல் கொடுத்தேன்.
அசையாமல் நின்றது.
எங்கள் தெரு மளிகைக்கடைத் தராசு
ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

கேட்டிருப்பவர் காட்பாடியில் பல் மருத்துவர்.
வேட்டைக் கத்திதான் வேண்டுமாம்,
மேசைமேல் வைக்க.
ஜவ்வாது மலைப் பன்றிகள் கொடுத்துவைத்தவை.

பேரணாம்பட்டில் பதனிட்ட எருமைத்தோலை விரித்து
கத்தியைக் கிடத்தி
சீமைச்சுண்ணாம்பால் சுற்றிக் கோடிட்டேன்.
கம்பெனியில் ஷூ மேல்தோல் வெட்டும் என் கத்தி
காலையிலிருந்தே மொண்ணை.
கொஞ்சம் யோசித்தேன்.
பிறகு இதையே எடுத்தேன்.

சத்தமே இல்லை.
வளைவில்கூட நிற்காமல்
தன் உறையைத் தானே வெட்டிக்கொண்டு போனது.
கையெடுக்க மனமின்றி
மீதித் தோலிலும் இரண்டு வார் இழுத்தேன்,
தேவையே இல்லாமல்.

வெள்ளிக்கிழமை மருத்துவர் வருவார்.
துடைத்து, எண்ணெய் தடவி,
"இன்னும் எதையும் தொடாதது, சார்"
என்று கொடுப்பேன்.