பூஜ்யத்துக்குப் பூஜ்யம்

ஹேவிளம்பி வருஷம், பங்குனி, சனிக்கிழமை.
நாகப்பட்டினம் ரயில்வே பட்டறைக்குப் பின்னால்
கடுவையாற்றை ஒட்டிய பொட்டல்.
கரித்தூளும் உப்பும் கலந்த மண்.
நான் சவரிராயன்,
கொதிகலனுக்கு ஆணி அறைகிறவன்.
அன்றைக்கு இரண்டு கம்பங்களுக்கு நடுவில் காவல்.

எங்களுக்கு ஒரு புள்ளி போதும்.
கஸ்டம்ஸ்காரர்களுக்கும் ஒரு புள்ளி போதும்.
எங்களில் ஒருவர் தோற்றால்தான்
மாயவரத்துக்கு மேல்வகுப்பு.
மேல்வகுப்பு என்றால் லேசில்லை.
வாரத்துக்கு இரண்டணா கூடுதல்,
ஆட்டத்தன்று அரைநாள்
உலைக்கு முதுகைக் காட்டலாம்.

யாரும் கூடிப் பேசவில்லை,
மாதா மேல் ஆணையாக.
கணக்கு தானே பேசிக்கொண்டது.
காசு சுண்டியபோது
குஞ்சு மரைக்கான் என்னைப் பார்த்தான்,
எதிர்க்கம்பத்துக் காவல்காரன்.
நானும் பார்த்தேன்.
அவ்வளவுதான்.

பார்க்கர் துரை ஊதினார்.
பந்து இடமிருந்து வலம் போயிற்று,
வலமிருந்து இடம்.
எங்கள் ஆள் அவர்கள் ஆளிடம் கொடுத்தான்,
அவன் மரியாதையாகத் திருப்பித் தந்தான்,
பந்தியில் உப்பு நகர்த்துவதுபோல.
ஆடத் தெரியாதவனுக்குத்தான் கூடம் கோணல்.
ஆடத் தெரிந்த இருபத்திரண்டு பேருக்கு
எந்தச் சாக்கும் இல்லை.

கூறைநாட்டு நெசவுக்காரர்கள் பதினேழு பேர்
மூன்றாம் வகுப்பில் வந்திருந்தார்கள்,
தூக்குச் சட்டியில் புளிச்சோற்றோடு.
தங்கள் தலையெழுத்தை
அடுத்தவன் காலில் பார்க்க வந்தவர்கள்.
அரைமணி நேரம் பொறுத்தார்கள்.
பிறகு ஒருவன் எழுந்து கத்தினான்:
"நாடா ஓடுதுடா,
துணி வளரலையே!"

ஊரே சிரித்தது.
எங்கள் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள்,
அதுதான் சுட்டது.

அதற்குப் பிறகு
கோட்டைத் தாண்டிய பந்து திரும்பி வரவில்லை.
ஒன்றைக் கூட்டம் விழுங்கியது.
இன்னொன்று ஆற்றில் மிதந்து
முகத்துவாரம் பார்த்துப் போனது.
மூன்றாவதைத் தேடி
துரை பட்டறைக்கு ஆள் அனுப்பினார்.
குஞ்சு மரைக்கான் பொடி போட்டுத் தும்மினான்.
நான் கம்பத்தில் சாய்ந்து
எதிரே ஒரு கொக்கு மீனுக்கு நிற்பதைப் பார்த்தேன்.
அது வேலையில் இருந்தது.

முடிய நாலு நிமிஷம்.
எங்கள் பக்கிரி
பழக்கதோஷத்தில் பின்னால் தட்டிவிட்டான் எனக்கு.
நான் கொக்கில் இருந்தேன்.
பந்து என்னைக் கடந்து
சோம்பலாய், நிச்சயமாய்,
எங்கள் கோட்டை நோக்கி உருண்டது.

பாய்ந்தேன்.
எண்ணிப் பார்க்க நேரமில்லை,
உடம்பு மட்டும் போனது.
முழங்கை கரிமண்ணில் உரிய உரிய
விரல்நுனியால் தோண்டி வெளியே எடுத்தேன்,
கோட்டின் சுண்ணாம்பு நகக்கண்ணில் இருந்தது.
என் ஆயுளிலேயே
அப்படி ஒரு பந்தைப் பிடித்ததில்லை.
அடித்தவன் என் ஆள்.
பிடித்தது ஒரு சூதுக்காக.

பொட்டலில் ஒரு சத்தம் இல்லை.
பிறகு ஒரே ஒரு ஜோடிக் கை தட்டியது.
மாயவரத்துத் தலைவன் ஐயாக்கண்ணு.
கேலியா, மெச்சினானா,
இன்றுவரை எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
கட்டிக்கொண்டோம்.
கஸ்டம்ஸ்காரன் வியர்வை வாடையே
என் சட்டையில் அதிகம்.

சாயங்கால வண்டிக்கு முன்னால்
ஐயாக்கண்ணு வந்தான்.
மேல்துண்டை விலக்கி
காணாமல் போன பந்தை எடுத்து
என் கையில் வைத்தான்.
"உதையே வாங்கல,
புதுசாவே இருக்கு."
போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை
சட்டைக்கை முழங்கையோடு ஒட்டியிருந்தது.
உரித்தேன். ரத்தம் வந்தது.
இரண்டணா
வெள்ளிக்கிழமை வந்தது.