ஸ்பீக்கரில்

வியாழன், மாலை ஏழே கால்.
குவென்காவில் குளிர்.
எங்கள் வீட்டில் கதவு மூடக்கூடிய ஒரே இடம்
துணிகள் தொங்கும் சின்ன அறை.
கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே முக்காலி போட்டு
நான் டாக்டராகிறேன்.

மலைக்குக் கீழே குவாயாகிலில்,
மருத்துவமனையின் கார் நிறுத்தத்தில்,
புழுக்கத்திலும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு
நர்ஸ் நார்சிசா கிமி நோயாளியாகிறாள்.
அவளுக்கும் மூடக்கூடிய கதவு அது ஒன்றுதான்.

"ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன், பரவாயில்லையா?"
முதல் வாரமே கேட்டாள்.
பரவாயில்லை என்றேன்.
ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.
கையிலிருந்த படிவம் வேறு கேள்விகளை வைத்திருந்தது.

கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்
தூக்கம் வரவில்லை?
"எந்தத் தூக்கம்?"
அவள் சிரிப்பு டாஷ்போர்டில் பட்டு
தகரத்தில் கொட்டிய அரிசி போல வந்தது.
பூஜ்யமா, ஒன்றா, இரண்டா, மூன்றா?
"மூன்றுக்கு மேல் இல்லையா, டாக்டர்?"

மறுவாரம் மூச்சுப் பயிற்சி.
நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு.
நாலு வரை வந்தாள்.
"நாள் முழுக்க அடுத்தவர் மூச்சை எண்ணுகிறேன்,
இங்கேயுமா?"
எண்ணுவதை விட்டோம்.
வண்டிக்குள் என்ன இருக்கிறது, சொல் என்றேன்.
உருகிப்போன மிட்டாய். ஒற்றைச் செருப்பு.
மார்ச் மாதத்து ரசீது.
வெயிலில் முகம் வெளுத்துப்போன புனிதர் படம்.
உன் முகம்?
"முகக்கவசம் விட்ட தடம் தெரிகிறது.
நடுவில் யாரோ இருக்கிறார்கள்."

நான்காம் வாரம் சிக்னல் அறுந்து அறுந்து வந்தது.
பிள்ளை... கதவுக்கு வெளியே... தட்டு...
பிள்ளையின் வாசலில் இவள் தட்டு வைக்கிறாள் என்றோ,
இவள் வாசலில் பிள்ளை வைக்கிறது என்றோ
குறித்துக்கொண்டேன்.
இரண்டும் சரி என்று பிறகு தெரிந்தது.

ஐந்தாம் வாரம் அவள் பேசவே இல்லை.
நானும்.
நாற்பத்தைந்து நிமிடம்
ஒரு காரும் ஒரு கோட்டு அறையும்
ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்தன.
பக்கத்து அறையில் கணக்கு வகுப்பில் என் மகன்
கேட்கிறதா, மிஸ், கேட்கிறதா என்று
கத்திக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு வியாழன் அவளாகவே சொன்னாள்:
"உள்ளே யாரையும் விடுவதில்லையே, டாக்டர்.
வீட்டுக்காரர்கள் போனில்தான் வருவார்கள்.
பிளாஸ்டிக் பையில் போட்ட போனை
கையுறையோடு நான்தான் பிடிப்பேன்,
அவர்கள் காதோடு ஒட்டி.
ஒரு மகள் பாடினாள்.
ஒரு அண்ணன் கடனைத் தள்ளுபடி செய்தான்.
ஒருத்தி, கோழிகளுக்குத் தீனி வைத்தாயிற்று,
கவலைப்படாதே என்றாள்,
நாலு தடவை அதையே.
நான் பிடித்த காதுகளை மறுநாள் தேடினால்
கட்டில் காலி.
இப்போதெல்லாம் போன் என் காதருகே வந்தால்
அடுத்தது நான் என்று தோன்றுகிறது.
பைத்தியம்தானே?"

என்னிடம் பதில் இருந்தது.
படித்த பதில், பெயர் வைத்த பதில்.
ஒரு கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு
அதைச் சொல்லாமல் இருந்தேன்.
அந்தக் கோழிகள் என்ன ஆயின என்றேன்.

நெடுநேரம் கழித்து,
"தெரியவில்லை. நானும் அதையேதான்
யோசித்துக்கொண்டிருக்கிறேன்."
அழுகை அங்கிருந்துதான் வந்தது,
கோழிகளிடமிருந்து.

எட்டாம் வாரம்
பேச்சின் நடுவே யாரோ கண்ணாடியைத் தட்டுகிறார்கள்.
காவலாளி. ஆம்புலன்சுக்கு வழி விட வேண்டுமாம்.
எஞ்சின் உறுமுகிறது. கியர் மாறுகிறது.
"உங்கள் குரல் கேட்கவில்லை டாக்டர், இருங்கள், இருங்கள்..."

சட்டென்று எதிரொலி நிற்கிறது.
தகரம் இல்லை, டாஷ்போர்டு இல்லை.
மூச்சு மட்டும், என் காதுக்குள்,
அவ்வளவு கிட்டே.
அவள் கவனித்தாளா, தெரியாது.
நான் சொல்லவில்லை.

"இருக்கிறீர்களா?"
இருக்கிறேன்.
"நானும்" என்கிறாள்,
உடனே காவலாளியைப் பார்த்து
கடற்கரை ஊர்க்காரர்கள் மட்டும் சொல்லும்
ஒரு கெட்ட வார்த்தை.

அதைப் படிவத்தில் எங்கே குறிப்பது என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.