பத்து நிமிட ஓட்டம்

என்னிடம் முப்பத்தொரு வீட்டுச் சாவிகள் இருக்கின்றன.
ஒரு வீடும் என்னுடையதல்ல.
ஏப்ரல் பிறந்ததும்
கோடைக்காரர்கள் தலைநகருக்குத் திரும்பிவிடுவார்கள்.
உருகுவேயின் இந்த ஓரத்தில், லாஸ் கார்சாஸில்,
மிஞ்சுவது நானூறு பேர்,
அதைவிடக் கொஞ்சம் அதிகமாக நாய்கள்,
இரவும் பகலும் மஞ்சளாகவே கண் சிமிட்டும்
ஒற்றைப் போக்குவரத்து விளக்கு.

பேருந்து காலை ஆறு நாற்பதுக்கு ஒன்று,
மாலை ஐந்தேகாலுக்கு ஒன்று.
நடுவில் உள்ளதெல்லாம்
கால்தான்.

இங்கே வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான்.
'ஒருவழியாக வந்துசேர்ந்தோம்' வீட்டிலிருந்து
'மாமியாருக்குத் தெரியாது' வீட்டுக்கு
மணல் தெருவில் நாற்பது நிமிடம்.
மழை பெய்திருந்தால் ஐம்பது.
தெற்கிலிருந்து காற்று அடித்தால்
பைன் மரங்களுக்குள் புகுந்து போவேன்.
கடற்கரை வழி குறுக்குத்தான், ஆனால்
கடல் பின்வாங்கி மணல் இறுகியிருக்கும் நேரமாகப் பார்த்து இறங்க வேண்டும்.
காய்ந்த மணல்
வைத்த ஒவ்வோர் அடியிலும் அரையடியைப்
பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும்,
கந்துவட்டிக்காரன் மாதிரி.

தரீயோ சைக்கிளின் பின்னால் ஒரு தள்ளுவண்டியைக் கட்டி
எரிவாயு உருளை கொண்டுபோவான்.
உருளை காலியென்றால் ஏறிக்கொள்ளச் சொல்வான்.
ஏறியிருக்கிறேன், அறுபத்திரண்டு வயதில்,
உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.
நாய்கள் குரைத்தபடி ஊர்வலம் வந்தன.

பேருந்து ஓட்டும் வில்மார்
கண்ணாடியில் பார்த்து எனக்காக நிற்பதில்லை.
சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் தூரத்தில் கேட்டால்
இஞ்சினை அணைத்துவிட்டு மாத்தேயை உறிஞ்சத் தொடங்குவார்.
"ஓடாதே நிடியா, நீ விழுந்தால்
முப்பத்தொரு வீடும் அநாதை."

எஸ்கிவெல் வீட்டுக் கொட்டகையில்
சாம்பல் நிறக் கார் ஒன்று போர்வைக்குள் தூங்குகிறது.
பதினைந்து நாளுக்கு ஒரு தடவை
பத்து நிமிடம் அதை ஓடவிட வேண்டும்,
பேட்டரி செத்துவிடாமல்.
அதற்குத் தனிக்கூலி.
புகை வெளியேறக் கதவை அகலத் திறந்துவைப்பேன்.
உட்காருவேன். சாவியைத் திருகுவேன்.
"வேறு எதையும் தொட்டுவிடாதே" என்று
சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.
பதினொரு வருடம் நெல் லாரி ஓட்டியவள் நான்.
அவர்கள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பத்து நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்:
யூகலிப்டஸ் வரிசை, பெட்ரோல் பங்க்,
காயல் மேலே போகும் பாலம்,
பாலம் தாண்டி என் தங்கை வீட்டுக்குத் திரும்பும் முனை.
பேருந்தில் அதற்கு ஒரு முழு நாள் செலவு.
வலது பாதம் தானாகக் கொஞ்சம் அழுத்தும்.
எதிரே சுவர்.
சுவரில் காற்றிறங்கிய ரப்பர் படகு ஒன்று தொங்கும்.
கிலோமீட்டர் எண்களில் ஒன்றும் அசையாது.
அணைத்துவிட்டு, என் பாவாடையிலிருந்து
இருக்கையில் உதிர்ந்த மணலைத் தட்டிவிட்டு,
போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு
நடப்பேன்.

ஜூலையில் ஒரு நாள் பின்கியர் போட்டேன்.
கொட்டகை வாசல் தாண்டி, வேலிவரை.
முன்கண்ணாடியில் மழை விழுந்தது.
வைப்பரைப் போட்டேன், இரண்டே இரண்டு வீச்சு.
கடல் தெரிந்தது.
மறுபடி உள்ளே விட்டேன்.
போக நாலு மீட்டர், வர நாலு மீட்டர்.
வில்மாரிடம்கூடச் சொன்னதில்லை.

இது ஜனவரி.
கடற்கரை இறக்கத்திலிருந்து ரொட்டிக்கடைவரை
கார்கள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நிற்கின்றன.
சாம்பல் நிறக் கார் பதினாறாவது.
கண்ணாடி இறங்குகிறது.
"அடப் பாவமே நிடியா, இந்த வெயிலில் நடந்தேவா போகிறாய்?"
ஒரு கையில் செருப்பு எனக்கு,
மறு கையில் இன்னும் ஆறாத ரொட்டி.
"பேட்டரி எப்படி?" என்றேன்.
"உயிரோடு இருக்கிறது. எல்லாம் உன் புண்ணியம்."
இன்னும் ஏதோ சொன்னாள்.
பின்னால் யாரோ ஹார்னை அமுக்கினார்கள்.
நான் அதற்குள் மணலில் இறங்கிவிட்டேன்.
ஈர மணல்.
நல்ல நேரம்.