மார்பு எண் 17

முதலாளி சொல்வார், தனக்கு அந்தக் கண் இருக்கிறதென்று.
தொட்டுப் பார்க்காமலே சொல்லிவிடுவார்
எந்த வண்டிக் காய் எத்தனை நாளில் பழுக்குமென்று.
பையன்களையும் அதே கண்ணால்தான் எடுக்கிறாராம்.

நான் கணக்குப்பிள்ளை. பெண்ணென்றாலும் பிள்ளைதான்.
காவேரிப்பட்டணம் ரோட்டில் கூழ் ஆலை.
மே மாதம் என் கைப்பையிலிருக்கும் சில்லறைகூட
பெங்களூரா மாங்காய் வாசம் அடிக்கும்.
நூறு கிலோ காய்க்கு ஐம்பத்துச் சொச்சம் கூழ்,
மிச்சம் தோலும் கொட்டையும். அதற்கு ஒரு புத்தகம்.
கபடி அணிக்கு இன்னொன்று:
முட்டை, பால், முழங்கால் பட்டை, பஸ் சார்ஜ்,
ஊத்தங்கரை மேட்சில் உடைந்த பல் ஒன்றுக்கு
ஆயிரத்து இருநூறு.

அந்த வருஷத் தேர்வுக்குத் தொண்ணூற்று மூன்று பேர்.
பர்கூர், மத்தூர், சூளகிரி,
அஞ்செட்டி மலையிலிருந்துகூட முதல் பஸ் பிடித்து.
காய் நிறுக்கும் மேடையிலேயே அவர்களையும் ஏற்றினோம்.
சிவப்பு எண் ஓடி நிற்பதற்குள்
மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான் ஒருவன்
மூச்சுக்கும் எடை உண்டென்று நம்பி.

முதல் பெயர் திம்மராயன்.
அவன் தொடையைப் பார்த்ததும்
நாற்காலியை விட்டே எழுந்தார் முதலாளி.
தனி அறை, புது ஷூ, தினம் ஆறு முட்டை.
இரண்டாம் சீசனில் முழங்கால் திரும்பிக்கொண்டது.
இப்போது கிரானைட் லாரி ஓட்டுகிறான்,
க்ளட்சை மிதிக்கும்போதெல்லாம் முகம் சுளித்து.
அடுத்தவன் சம்பத்குமார்.
சேலத்து அணி ஒரு பைக்கைக் காட்டிக் கூட்டிப்போனது.
வண்டி அவர்களுடையது,
ஓட்டுகிற உடம்பு எங்கள் பால் கணக்கு.
மூன்றாமவனுக்குக் கல்யாணம் ஆனது.
நான்காமவன் நன்றாகத்தான் ஆடினான்,
யாருக்கும் நினைவில்லை.

பத்தாவது இடத்துக்கு வருகிறேன்.
கோச் ஸ்டீபன் களத்தைச் சுற்றியபடியே எண்ணைச் சொன்னார்:
எழுபத்தொண்ணு.
எடைச்சீட்டு கேட்டு ஒரு லாரிக்காரன்
என் தலைக்கு மேலே நின்றான்.
நான் எழுதினேன்: 17.

மைக்கில் பதினேழு என்றதும்
தனக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தான் மாதேசன்.
ஐம்பத்தொரு கிலோ.
ஏறிய மூன்று ரெய்டிலும் பிடிபட்டவன்.
முதலாளி வேண்டிய பையன் போல என்று கோச் நினைத்தார்,
கோச் ஏதோ கண்டிருக்கிறார் என்று முதலாளி.
மரியாதை நிமித்தம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.
நானும்தான்.

கூழ் டிரம்களுக்கு நடுவே பாய் போட்டான்.
தின்றான், தூங்கினான், மறுபடி தின்றான்.
எட்டு மாதத்தில் நான்கு விரற்கடை உயர்ந்தான்.
அப்புறம் ஒரு நாள் இடது மூலையில் நின்று
எதிராளியின் கணுக்காலைப் பிடித்தான்,
கதவிடுக்கில் மாட்டிய சேலை நுனிபோல
அது அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது மாநில அணியின் சட்டையில்
முதலாளி அறைச் சுவரில் தொங்குகிறான்.
வருகிறவர்களுக்கெல்லாம் காபியோடு அந்தப் படமும் உண்டு.
"எல்லாரும் வேண்டாம்னாங்க. நான் பார்த்தேன்."
நான் பேனாவுக்கு மூடி தேடுவேன்.

சோறு செய்ததா, கோச் செய்தாரா,
திரும்பிப் பார்த்த அந்தக் கழுத்துக்குள்
முன்பே ஏதாவது இருந்ததா?
கூழுக்கு விகிதம் உண்டு.
இதற்கு எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது?

எழுபத்தொன்றுக்கு எங்களிடம் பெயர் இல்லை.
பெயர் எழுதுவது எடுத்தவர்களுக்கு மட்டும்.
எடைப் புத்தகத்தில் அவன் 58.400.
மைக் அணைந்த பிறகு என் மேசைக்கு வந்தான்.
மார்புத் துணியை மடித்து வைத்தான்,
ஊக்குகளை ஒவ்வொன்றாக எண்ணி அதன்மேல் வைத்தான்.
தொண்ணூற்று மூன்று பேரில் வேறு ஒருவரும்
அவற்றைத் திருப்பித் தரவில்லை.
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். சொன்னேன்.

அன்றைய பக்கத்தின் கடைசி வரி
என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது:
ஊக்கு, நான்கு. வரவு.