முக்கால் இஞ்சிப் பைப்பு

நேராய் வெட்டவேணும் எண்டு
விசுவமடுச் சந்திக் கடைக்காரன் சொன்னவன்.
நான் வெட்டினது கொஞ்சம் சரிவு.
வாள் பழசு. பைப்பும்
நிறுவனம் கட்டித்தந்த தண்ணித்தாங்கியில் மிஞ்சினது,
வெயிலில் கிடந்து ஒரு பக்கம் மஞ்சள்.
விளிம்புச் சுருளை பிளேட்டால் வழிச்சன்.
எவ்வளவு உள்ளுக்குப் போகவேணும் எண்டு
மகளின்ர பென்சிலால் ஒரு கோடு.

மேலே மூண்டு கண்ணாடித் தொட்டி, கீழே ஒண்டு.
வழியிற தண்ணி பஞ்சுக்குள்ளால போய்
மோட்டர் தள்ளத் திரும்ப மேலே.
ஏஞ்சல் குஞ்சு நூற்றுப்பத்து
வாளிக்குள்ள வாயைத் திறந்து திறந்து மூடுது.

கம் எண்டுதான் எல்லாரும் சொல்லுறது.
ஆனால் அது ஒட்டுறேல்லை,
இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் உருக்கும்.
உருகினதும் உருகினதும் ஒண்டாய் இறுகும்.
பிறகு கழட்டேலாது, வெட்டத்தான் ஏலும்.
மூக்கெரியப் பூசினன்.
கோடு வரைக்கும் தள்ளி, கால்வாசி திருப்பி
அப்பிடியே பிடிச்சன்.

பிடிக்காட்டில் வெளியில வரும்.
ஆரும் நம்பமாட்டினம். உள்ளுக்குப் போனது
ஆமைத்தலை மாதிரி, ஆனால் மறுவளமாய்,
மெல்ல மெல்ல எட்டிப்பார்க்கும்.
முப்பது எண்ணவேணும்.
இரண்டு தலைப்புக்கும் ஒரேயடியாய்ப் பூசினது என்ர மடைத்தனம்.
மற்றத் தலைப்பு நாலடிக்கு அங்கால.

அந்த நேரம் பார்த்து மோட்டச்சைக்கிள்.
கோகுலரமணன். நீலச் சேட்டு, கழுத்தில் அட்டை,
கிழமைக்காசுக் கொப்பி.
"அக்கா, கட்டுப்பணம்..."
"தம்பி, அந்தத் தலைப்பைப் பிடியும்."
"அக்கா, நான்..."
"விட்டால் மூவாயிரம் ரூவாச் சாமான் போச்சு. பிடியும்!"
பொய். எல்போ நூற்றிருபது ரூவா.

பிடிச்சான்.
தொட்டிக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் நான்.
காசு எண்ணுற வேகத்தில் எண்ணினான்.
"மெல்ல எண்ணும்."
மெல்ல எண்ணினான்.
இருபத்திரண்டில் ஃபோன் அடிச்சது, எடுக்கேல்லை.
முப்பதுக்குப் பிறகும்
ஆரும் விடச் சொல்லாதபடியால்
பிடிச்சுக்கொண்டே நிண்டான்.
சேட்டுக் கையில் ஒரு சொட்டுக் கம்.
துடைக்கத் துடைக்கப் பரவிச்சுது.

அண்டைக்குக் காசில் ஆயிரத்து எண்ணூறு குறைஞ்சது.
கொப்பியில் என்னவோ எழுதினான்.
நான் கேக்கேல்லை.

ஒருநாள் முழுக்கத் தண்ணி விடக்கூடாது.
இரவு இரண்டுதரம் எழும்பி ரோச் அடிச்சன்,
காயிறதில் பார்க்க ஒண்டுமில்லை எண்டு தெரிஞ்சும்.

புதன் பின்னேரம் சுவிச்சைப் போட
கிணத்தின்ர சுண்ணாம்புத் தண்ணி
பைப்புக்குள்ள இருமி இருமி ஏறிச்சுது.
நான் பூசின மூட்டெல்லாம் காஞ்சு கிடந்தது.
அவன் பிடிச்சதும்.
ஒழுகினது வால்வு மரையில.
வெள்ளை ரேப்பை மறுபக்கமாய்ச் சுத்தியிருக்கிறன்,
முறுக்க முறுக்க அவிண்டிருக்கு.
வாய்விட்டு ஒரு தூஷணம் சொல்லி
கழட்டித் திரும்பச் சுத்தினன்.

அடுத்த செவ்வாய் கோகுலரமணன் வந்தான்.
கொப்பியை எடுக்க முதல் நேரே போய்க் குந்தி
எல்போவின்ர அடியைத் தடவி
விரலைப் பார்த்தான்.
அதே சேட்டு, கையில் அந்தப் புள்ளி.
"ஈரமில்லை அக்கா."
"தெரியும்."
"நூற்றுப்பத்தும் இருக்கா?"
"தொண்ணூற்றாறு" எண்டன்.
கொஞ்சநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு கொப்பியைத் திறந்தான்.