சூடேறாத தூரம்

செவ்வாய்க்கிழமை, புஷ்பா தியேட்டர் முக்கில்
என் ஆல்ட்டோ திடீரென்று லாரிக் குரலில் பேசியது.
டிராபிக் போலீஸ் திரும்பினார்.
பின்னால் வேறு யாரோ வருவதுபோல
நானும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன்
கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்.
நூல் லோடு என்று நினைத்துவிட்டாராம்.

"சைலன்சர் போச்சுங்க்கா,"
குழிக்குள்ளிருந்து லோகு.
ஸ்பேனரால் ஒரே தட்டு.
நமத்த முறுக்குப்போல உதிர்ந்தது துரு.

மூன்று வருடம்கூட ஆகவில்லையே, எப்படி?
கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான்,
செலவுக்குக் காரணம் தெரியாமல் தூக்கம் வராது.

உங்க வீதிக்காரங்க அவங்களே போட்ட வேகத்தடை
அடிவயித்த ஒரசியிருக்குதுங்.
தொங்கற ரப்பர் ஒண்ணு அத்துப்போயி
குழாய் ஆடி ஆடி வெல்டிங் வாய் விட்டிருச்சு.
பிளக்கு ஒண்ணு சரியா எரியறதில்ல,
மிச்சப் பெட்ரோல் உள்ள போயி வெடிக்குது.
சாயத் தண்ணியில ஓட்டறீங்களா?

எப்போதாவது, என்றேன். மழை நாளில்.
பெரும்பாலும் சிவப்பு, போன வாரம் நீலம்.

"அதெல்லாம் சில்லறைங்.
தெனமும் எவ்வளவு தூரம் போறீங்க?"
இரண்டே முக்கால் கிலோமீட்டர்.
"வேற எங்கயும்?"
திரும்பி வருவேன். அதுவும் இரண்டே முக்கால்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே மேலேறி வந்தான்.
"பெட்ரோல் எரிஞ்சா தண்ணியும் வருமுங்.
சூடேறுனா ஆவியாப் போயிரும்.
ஏறுறதுக்குள்ள நீங்க நிறுத்திப்போடறீங்க.
தண்ணி உள்ளயே நின்னு தின்னுது.
வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது.
வாரத்துக்கு ஒருக்கா, நாப்பது கிலோமீட்டர்,
நிக்காம ஓட்டுங்க்கா. எங்கியாச்சும்."

எங்கியாச்சும்.
அந்த ஊருக்கு எனக்கு வழி தெரியாது.
நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தவள்.

புது சைலன்சர் மூவாயிரத்து அறுநூறு, கூலி தனி.

ஞாயிறு காலை, எங்கே கிளம்பிட்டே என்றார் வீட்டுக்காரர்.
சைலன்சருக்கு, என்றேன். பொய்யில்லை.

கோவில்வழி தாண்டியதும் ஐந்தாவது கியர் போட்டேன்.
மூன்று வருடமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.
அவினாசிபாளையம் வந்தது, போனது.
கிளுவை வேலிக்குள் கொறங்காடு,
தலை நிமிராமல் மேயும் செம்மறிகள்.
வரிசையாகச் சுற்றும் காற்றாலைகளில் ஒன்று மட்டும்
சும்மா நின்றது. அதைக் கடக்கும்வரை பார்த்தேன்,
பார்த்ததற்கு ஒரு டேங்கர்காரன் ஹாரன் அடித்தான்.

குண்டடம் தாண்டி வேம்பு நிழலில் நிறுத்தினேன்.
புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு
பின்னால் போய்க் குனிந்தேன்.
ஒரு சொட்டு இல்லை.
நம்பாமல் விரலை வைத்தேன்.

திங்கட்கிழமை ஜிஎஸ்டி கணக்கை
ஒன்பது விரலால் அடித்துக்கொண்டிருந்தேன்.
என்னாச்சுங்க மேடம், மேனேஜர் கேட்டார்.
சுட்டுக்கொண்டேன்.
அடுப்புலயா?
தாராபுரம் ரோட்டில், என்றேன்.